காலித் துறைமுகத்தில் யார் இங்கிலீஷ் படிப்பித்தது?



ஓ.எல். பெறுபேறு வருகிற நாளில் நம்மூரில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இங்கிலீஷுக்கு என்ன?" வருடக்கணக்கில் அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளை, ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் பின்னுக்குப் போய் நிற்கிறது. நாம் பிள்ளையைக் குறை சொல்கிறோம், இல்லாவிட்டால் எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் குறை சொல்கிறோம். நம்முடைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேறொரு பதிலும் கிடைக்கிறது.

முதலில் காலிக்குப் போவோம். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை 1880களில் கட்டி முடியும் வரை, பெரிய நீராவிக் கப்பல்கள் காலியில்தான் தரித்தன. கப்பல் வந்தால் நம்மவர்கள் மாணிக்கக் கல்லும் ஆமையோட்டுச் சீப்பும் கொண்டு பயணிகளிடம் போனார்கள். அவர்களில் அநேகர் ஆங்கிலப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் அல்லர். விலை சொல்ல வேண்டும், பேரம் பேச வேண்டும், கல் அசல்தான் என்று நம்ப வைக்க வேண்டும். தேவைதான் அவர்களுக்குப் படிப்பித்தது. இலக்கணம் பிழைத்திருக்கும், ஆனால் வியாபாரம் பிழைக்கவில்லை.

அதே காலத்தில் பள்ளிக்கூடங்களின் கதை வேறு. ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. மார்க்கம் போய்விடும் என்று நம் மூத்தவர்கள் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. அரசாங்க உத்தியோகத்திலும் சட்டத்திலும் வைத்தியத்திலும் பின்வரிசையில் நின்றோம்.

இதை முதலில் உரத்துச் சொன்னவர்களில் ஒருவர் கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்தி லெப்பை. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலம் படியுங்கள் என்று தமிழில் எழுதினார். 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த எகிப்தின் ஒராபி பாஷாவும் இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தார். 1892இல் மருதானையில் உருவான பாடசாலைதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரி ஆனது. மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம் என்று அது காட்டியது.

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களுக்கு ஏ.எம்.ஏ. அஸீஸ் ஒரு பதில். யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்துக் கல்லூரியில் படித்தவர், 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், பிறகு ஸாஹிராவின் அதிபர். இரண்டு மொழியிலும் எழுதினார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது, தாய்மொழிக் கல்வி வளர்ந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கிராமத்தில் ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் சுருங்கியது. தந்தி வந்தால் அதை வாசிக்க ஆள் தேடிப் போன கதையை நம் உம்மம்மாமார் சொல்வார்கள். சிங்களச் சகோதரர்கள் ஆங்கிலத்துக்கு "கடுவ" என்று பெயர் வைத்தார்கள், அதாவது வாள். வைத்திருப்பவன் இல்லாதவனை வெட்டும் வாள்.

பிறகு 1970களின் கடைசியில் வளைகுடா வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற நானாமார், மலையாளியோடும் பிலிப்பினோவோடும் வேலை செய்து, இரண்டு வருடத்தில் ஆங்கிலம் பேசி வந்தார்கள். இன்றைக்குப் பொத்துவில் அறுகம்பேக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முச்சக்கரவண்டி ஓட்டும் நம் தம்பிமாரின் ஆங்கிலம் பழைய காலியின் தொடர்ச்சிதான்.

அப்படியானால் வகுப்பறைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? எங்கள் சொந்த அனுபவம் ஒன்று. ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது, இஷாவுக்குப் பிறகு விடுதியில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவது என்று நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். மூன்றாம் இரவு ஒரு நண்பர் "யெஸ்டர்டே ஐ கோ" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அடுத்த இரவு அவர் பேசவில்லை. ஒரு கிழமைக்குள் ஒருவருமே பேசவில்லை. நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் நாங்கள், நாங்களே சிரித்தோம்.

காலியில் கல் வாங்க வந்த பயணிக்குக் கல்தான் முக்கியம். வளைகுடாவில் மேற்பார்வையாளருக்கு வேலைதான் முக்கியம். நம்மூரில்தான் பிழை முக்கியமாகிவிட்டது. 2009ஆம் ஆண்டு அரசாங்கம் ஆங்கில ஆண்டாக அறிவித்தபோது, நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் கோஷம். கோஷம் போய்விட்டது, சிரிப்பு மட்டும் போகவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மருந்துப் போத்தலில் உள்ளதைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மாமாவோடு போனில் நாலு வசனம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள். பிழை விட்டால் சிரிக்காதீர்கள், பேசி முடிக்க விடுங்கள். திருத்துவது எங்கள் வேலை, வகுப்பறையில் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் வாப்பாமாரும் மூத்தவாப்பாமாரும் எங்கே, எப்படி ஆங்கிலம் பேசப் பழகினார்கள்? தெரிந்தால் கீழே எழுதுங்கள். அதுவும் நம்மூர்ச் சரித்திரம்தான்.