வாடகைக்கு விதி உண்டு, சேதத்துக்கு இல்லை: அரசு எடுக்கும் தனியார் வாகனங்களும் இழப்பீட்டுச் சட்டமும்

தேர்தல் நாளில் வாக்குப்பதிவு இயந்திரங்களையும் ஊழியர்களையும் காவலர்களையும் சாவடிகளுக்குக் கொண்டு சேர்க்க அரசிடம் உள்ள வண்டிகள் போதுவதில்லை. தனியார் வேன், லாரி, பேருந்து, கார் எதையும் எழுத்து ஆணை கொடுத்து எடுத்துக்கொள்ள 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 167-ஆவது பிரிவு. இழப்பீட்டைச் சொல்வது 161. அந்த வட்டாரத்தில் அத்தகைய வண்டிக்கு நிலவும் வாடகையே அளவுகோல். தொகை போதாது என்றால் உரிமையாளர் நடுவரிடம் அனுப்பக் கோரலாம். தவணைக் கொள்முதலில் ஓடும் வண்டியானால் தொகையை யார் யாருக்குப் பிரிப்பது என்பதைக்கூடச் சட்டம் யோசித்திருக்கிறது. ஆனால் வண்டி முன்புறம் நசுங்கித் திரும்பி வந்தால் பட்டறைச் செலவு யாருடையது என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை.

சேதத்துக்கும் பணம் தர வேண்டும் என்ற எண்ணம் அந்நாளில் சட்டம் எழுதுவோருக்குத் தெரியாத ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய பாதுகாப்பு இழப்பீட்டுச் சட்டம், கப்பல், வாகனம், விமானம் ஆகியவற்றுக்கு மூன்று வகைத் தொகையை வகுத்தது: பயன்படுத்தியதற்கான வாடகை, அரசின் கையில் இருந்தபோது ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யும் செலவு, அடியோடு அழிந்துவிட்டால் அழிவதற்குச் சற்று முன்பிருந்த மதிப்பு. பிணக்கு வந்தால் விசாரிக்கத் தீர்ப்பாயமும் இருந்தது.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, அசையும் சொத்தானாலும் அசையாச் சொத்தானாலும் இழப்பீடின்றி எடுக்கக் கூடாது என்று 31-ஆவது பிரிவில் சொல்லித்தான் தொடங்கியது. 1952-இல் வந்த அசையாச் சொத்துக் கையகப்படுத்தல் சட்டமும் அந்த உணர்வோடு எழுதப்பட்டது. எடுத்த கட்டடத்தை, வழக்கமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் நீங்கலாக, எடுத்தபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. கட்டடம் சேதப்பட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் இழப்பீட்டில் சேர்க்கிறது. வீட்டுக்குக் கிடைத்த இந்த வாசகம் வண்டிக்குக் கிடைக்கவில்லை. தேர்தல் சட்டத்திலும் விடுவிப்பைப் பற்றிய 165-ஆவது பிரிவு கட்டடங்களை மட்டுமே பேசுகிறது. இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை வெறும் வாடகைச் சவாரியாகப் பார்த்ததே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. சவாரிக்கு ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ உரிமையாளருக்கு வழியில்லை என்பதை அந்தப் பார்வை கணக்கில் கொள்ளவே இல்லை.

சட்டம் விட்ட இடத்தை நீதிமன்றங்கள் வேறொரு வழியாக நெருங்கின. அந்த வழியின் தொடக்கத்திலும் ஒரு வண்டிதான் நிற்கிறது. பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் குதிரை வண்டி கல்கத்தாவின் கிதிர்ப்பூர் வழியே போய்க்கொண்டிருந்தது. அரசுக் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் பாரமான இரும்புப் பொருளொன்றைச் சாலையில் தூக்கிச் சென்றார்கள். வண்டி நெருங்கியதும் அதைக் கீழே போட்டுவிட்டு விலகினார்கள். அந்தச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டு ஓட, ஒரு குதிரை காயப்பட்டது. கேட்ட இழப்பீடு 350 ரூபாய். 1861-இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக் அரசே பொறுப்பு என்றார். ஆனால் இறையாண்மைச் செயலுக்கும் மற்றச் செயலுக்கும் அவர் போட்ட கோடு நூறாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. 1962-இல் வித்யாவதி வழக்கில், பழுதுபார்த்துத் திரும்பிய கலெக்டரின் ஜீப் ஒருவரைக் கொன்றதற்கு ராஜஸ்தான் அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. கஸ்தூரிலால் வழக்கிலோ, போலீசார் கைப்பற்றிய தங்கம் காணாமல் போனதற்கு அரசு பொறுப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

வாகன உரிமையாளர்களுக்கு உண்மையில் உதவக்கூடிய தீர்ப்பு 1967-இல் வந்தது. ஜூனாகத் சுங்க அதிகாரிகள் 1947-இல் இரண்டு லாரிகளையும் ஒரு ஸ்டேஷன் வேகனையும் பறிமுதல் செய்திருந்தார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, கேட்பாரற்ற பொருள் என்று சொல்லி அவை விற்கப்பட்டன. பறிமுதல் செல்லாது என்று பிறகு முடிவானபோது திருப்பித் தர வண்டி இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பேணிக் காக்கக் கடமைப்பட்டவர்; அரசும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. இது பறிமுதல் வழக்குதான். ஆனாலும் குற்றத்தின் பேரில் பிடித்த வண்டிக்கே அந்தப் பொறுப்பு உண்டு என்றால், பொதுக் காரியத்துக்காக எடுத்த வண்டிக்கு அதைவிடக் குறைந்த பொறுப்பு இருக்க முடியாது.

மூன்றாவது நபரின் உயிரிழப்பைப் பொறுத்தவரை நிலை இன்று தெளிவு. இமாசலத்தில் தேர்தலுக்காக ராம்பூர் அதிகாரி எடுத்த கார் விபத்தில் சிக்கிய வழக்கில், தீபா தேவி தீர்ப்பு 2007 டிசம்பரில் வந்தது. ஆணை வந்தபின் உரிமையாளர் வண்டியை ஒப்படைத்தே தீர வேண்டும், அதன் பிறகு கட்டுப்பாடு அவரிடம் இல்லை, எனவே இழப்பீடு தர வேண்டியது அரசே என்றது உச்ச நீதிமன்றம். இப்படி ஒரு நிலைமையை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதையும் அது கவனித்தது. 2014-இல் அசாமிலிருந்து வந்த பூர்ண்யா கலா தேவி வழக்கிலும் அதே முடிவு.

இந்தத் தீர்ப்புகள் உரிமையாளரை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய கடனிலிருந்து விடுவித்தன. அவருடைய சொந்த நஷ்டம் அப்படியே நிற்கிறது. காப்பீட்டை நம்பலாமா? சொந்த உபயோகக் காரின் பாலிசியில் வாடகை ஓட்டத்துக்குப் பாதுகாப்பு இல்லை; அரசு தருவதோ வாடகை என்ற பெயரில்தான். காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டால் உரிமையாளர் இரு கதவுக்கும் நடுவில் நிற்க நேரும். சான்று திரட்டுவதும் சிரமம். இத்தகைய ஓட்டங்களின் லாக் புக்கில் புறப்பட்ட கிலோமீட்டர், வந்து சேர்ந்த கிலோமீட்டர், டீசல் அளவு, கையெழுத்து ஆகியவற்றுக்குத்தான் பெரும்பாலும் இடம். ஒப்படைத்தபோது கண்ணாடியும் டயரும் பம்பரும் எப்படி இருந்தன என்று யாரும் எழுதி வாங்குவதில்லை.

2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் எழுதப்பட்டபோது இதைத் திருத்த நல்ல வாய்ப்பு கிடைத்தது. வெள்ளத்திலும் புயலிலும் ஓடப்போகும் வண்டி சேதப்படும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வாகனம் எடுக்கும் 65-ஆவது பிரிவும் இழப்பீடு தரும் 66-ஆவது பிரிவும் தேர்தல் சட்டத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டன: வட்டாரத்தில் நிலவும் வாடகை, மனக்குறை இருந்தால் நடுவர். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சேதச் செலவு வாசகத்தை 161, 66 ஆகிய இரு பிரிவுகளிலும் சேர்த்து, ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் வண்டியின் நிலையை இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்று விதியில் எழுதினால் போதும். அது நடக்கும் வரை, நசுங்கிய வண்டியின் உரிமையாளர் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.