லயன்ஸ் டீக்கடை: மரண அறிவித்தல்

லண்டன் பிக்கடிலி வீதி 213ஆம் இலக்கத்தைப் பிறப்பிடமாகவும், ஸ்ட்ராண்ட், கவென்ட்ரி ஸ்ட்ரீட், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு உள்ளிட்ட எத்தனையோ தெருமுனைகளை வதிவிடமாகவும் கொண்டிருந்த ஜே. லயன்ஸ் டீக்கடை அவர்கள், நீண்டகால நலிவுக்குப் பின் 1980களின் தொடக்கத்தில் காலமானார். அன்னார் புகையிலை வியாபாரிகளான சால்மன், க்ளக்ஸ்டைன் குடும்பத்தாரின் அன்புப் புதல்வரும், ஏ.பி.சி. டீக்கடையின் இளைய போட்டியாளரும், விம்பி பர்கர் கடையின் வளர்ப்புத் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால் இப்படித்தான் அச்சாகியிருக்கும். துக்கம் விசாரிக்கத் தாமதமாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் லண்டனுக்குச் சுற்றிப்பார்க்கப் போகிற யாருக்கும் இந்தச் சாவின் இழப்பு இரண்டாம் நாள் மத்தியானமே புரிந்துவிடும். கால் கடுக்க நடந்தபின் ஒரு நல்ல டீ வேண்டும் என்று தோன்றும்போது நகரம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, பெரிய ஹோட்டலின் மாலைத் தேநீர்: முன்பதிவு செய்து, சட்டை மாற்றிக்கொண்டு, மூன்றடுக்குத் தட்டில் வரும் குட்டி சாண்ட்விச்சுக்குத் தலைக்கு எழுபது பவுண்டோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். மற்றொன்று, காகிதக் கோப்பையில் பை மிதக்கும் வெந்நீர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருந்ததுதான் செத்துப்போனது. சில்லறைக் காசுக்கு, பீங்கான் கோப்பையில், மேசைக்கு வரும் டீ. கூடவே, யார் எவர் என்று கேட்காத ஒரு நாற்காலி.

லண்டனில் டீக்கடையைத் தொடங்கிவைத்தது லயன்ஸ் அல்ல. ஈஸ்ட் போடாமல் ரொட்டி சுட்ட ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ஏ.பி.சி. நிறுவனம் 1864இலேயே டீக்கடை திறந்துவிட்டது. லயன்ஸ் வந்தது முப்பது வருடம் கழித்து. சால்மன், க்ளக்ஸ்டைன் குடும்பங்கள் புலம்பெயர்ந்து வந்த யூதர்கள். சுருட்டும் புகையிலையும் விற்றுப் பணம் பார்த்தவர்கள். அவர்களில் மாண்டேக் க்ளக்ஸ்டைன் ஊர் ஊராகச் சரக்கு விற்கப் போன இடங்களில், பொருட்காட்சிகளில், மனிதன் வாயில் வைக்கிற மாதிரி ஒரு டீ கிடைக்கவில்லை என்று கண்டார். 1887இல் நியூகாசில் பொருட்காட்சியில் டீ விற்கும் ஒப்பந்தத்தை எடுத்தார்கள். புகையிலைக் கடையின் பெயரைச் சாப்பாட்டுக்கு வைக்கக் கூச்சம். அதனால் உறவு வழியில் வந்த ஜோசஃப் லயன்ஸ் என்பவரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். முதல் போட்டவர்கள் பின்னால் நிற்க, முகம் காட்டியவருக்கு 1911இல் சர் பட்டமே கிடைத்தது. (தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டும் நைஜெல்லா லாசன் தாய்வழியில் இந்த சால்மன் குடும்பத்துப் பேத்தி. சாப்பாட்டுத் தொழில் ரத்தத்தில் இருக்கிறது.)

1894 செப்டம்பரில் பிக்கடிலியில் வெள்ளையும் பொன்னுமாக முகப்பு வைத்து முதல் கடை திறந்தது. பிறகு நாடெங்கும் ஏறக்குறைய 250 கடைகள் வரை பெருகின. எல்லாவற்றுக்கும் ஒரே முகப்பு.

அந்தக் கடைகளில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு பெண் தனியாக வெளியே வந்தால் உட்கார இடமில்லை. சாராயக்கடைக்குள் போனால் பெயர் கெடும். கிளப் ஆண்களுக்கு. நல்ல உணவகங்களில் துணையில்லாமல் வரும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கழிப்பறை விஷயமோ இன்னும் மோசம். நகரத்தின் பொதுக் கழிப்பறைகள் பெரும்பாலும் ஆண்களுக்காகவே கட்டப்பட்டவை. இந்த நேரத்தில்தான் தட்டச்சு இயந்திரமும் தொலைபேசி நிலையமும் பெரிய துணிக்கடைகளும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை நகரத்துக்குள் வேலைக்கு இழுத்து வந்தன. கையில் சில பென்னிகள், மத்தியானம் ஒரு மணி நேரம். அவர்களுக்கு ஏ.பி.சி.யும் லயன்ஸும் மதுவில்லாத, வெளிச்சமான, கண்ணாடிச் சன்னல் வைத்த ஓரிடத்தைக் கொடுத்தன. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் லண்டன் டீக்கடைகளில் கூடித் திட்டம் போட்டார்கள் என்பதில் வியப்பில்லை. வேறு எங்கே கூடுவது? நாடாளுமன்றம் கொடுக்காததை ஒரு கோப்பை டீ கொடுத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வியாபாரிக்கு வேண்டியது காசு. ஆனால் காசு கொடுத்தால் போதும், கணவனையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

பரிமாறியவர்களும் பெண்கள்தான். முதலில் அவர்களை 'கிளாடிஸ்' என்று அழைத்தார்கள். 1920களின் நடுவில் ஊழியர்களிடையே போட்டி வைத்து 'நிப்பி' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். கறுப்பு உடை, அதில் சிவப்பு நூலால் தைத்த முத்துப் பொத்தான்கள் இரண்டு வரிசை, வெள்ளை ஏப்ரன், தலையில் பெரிய சிவப்பு 'எல்' பொறித்த வெள்ளைப் பட்டி. 1930இல் நிப்பியின் பெயரிலேயே ஒரு இசை நாடகம் மேடையேறியது. வாடிக்கையாளர்களைக் கைப்பிடிக்கும் நிப்பிகள் வருடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பூரித்தன. அந்தப் பூரிப்புக்கு இன்னொரு பக்கம் உண்டு: கல்யாணமானால் வேலை போய்விடும். இரண்டாம் உலகப்போர் வரை அதுதான் விதி. பெண்கள் தனியாக வந்து உட்காரலாம் என்ற கடை, தன்னிடம் வேலை செய்த பெண்ணுக்குத் தாலி ஏறியதும் கணக்கை முடித்து அனுப்பியது.

சாதாரண டீக்கடை ஒரு பக்கம் இருக்க, கார்னர் ஹவுஸ் என்ற பெருங்கடைகள் ஒரு தனி உலகம். கவென்ட்ரி ஸ்ட்ரீட்டில் 1909இல், ஸ்ட்ராண்டில் 1915இல், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முனையில் 1928இல் திறந்தவை. நாலைந்து மாடிகள், மாடிக்கு மாடி வேறு உணவகம், வேறு இசைக்குழு. கீழ்த்தளத்தில் ரொட்டி, கேக், பூ, சாக்லேட், நாடக டிக்கெட், தொலைபேசிக் கூண்டு. சில காலம் இரவு பகலாகத் திறந்திருந்தன. உள்ளலங்காரம் செய்த ஆலிவர் பெர்னார்ட், 1915இல் மூழ்கடிக்கப்பட்ட லூசிடானியா கப்பலிலிருந்து உயிர்தப்பியவர்; பளிங்கும் கண்ணாடியும் பித்தளையுமாக, கிளார்க்கு ஒருவன் அரைமணி நேரம் பிரபுவாக இருந்துவிட்டுப் போக வசதி செய்து கொடுத்தார். கவென்ட்ரி ஸ்ட்ரீட் கடையின் ஒரு பகுதிக்கு 'லில்லிக் குளம்' என்று செல்லப் பெயர். ஆணை நேசித்த ஆண்கள் கூடிய இடம் அது. வெளியே அவர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளச் சட்டம் காத்திருந்தது. உள்ளே பியானோவும் டீயும்.

அந்த டீ எங்கிருந்து வந்தது என்பதையும் இரங்கலில் சேர்த்தாக வேண்டும். தேயிலை லண்டன் மின்சிங் லேன் ஏலத்துக்கு அசாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது; லயன்ஸ் அதை வாங்கி, மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில் இருந்த தன் ஆலையில் கலந்து பொதி கட்டியது. போர்க்காலத்தில் தேயிலை ரேஷனுக்குப் போனது. 1940 ஜூலையிலிருந்து ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். 1952 வரை நீடித்தது. அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1946இல், நல்ல டீ போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதினார் ஜார்ஜ் ஆர்வெல். முதல் விதியே, இலை இந்தியாவினதாகவோ இலங்கையினதாகவோ இருக்க வேண்டும் என்பது. இலங்கை இலையைக் கிள்ளியவர்களில் பெரும்பாலோர் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பிள்ளைகள். 'லயன்' என்று அழைக்கப்பட்ட தோட்டத்து வரிசை அறைகளில் குடும்பம் நடத்தியவர்கள். ஆர்வெல் எழுதிய இரண்டு வருடத்தில், 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பல லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. லண்டனில் டீ மலிவாக இருந்ததற்கு அவர்களுடைய கூலியும் ஒரு காரணம். கார்னர் ஹவுஸ் பளிங்கை நினைத்து உருகுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கு என்றதும் லயன்ஸின் இன்னொரு முகம். ஒரு மேசையில் நிற்கும் லாபம் ஃபார்த்திங் கணக்குதான். அதாவது பென்னியில் கால். கோடிக்கணக்கான கோப்பைகளில் கால் காலாகச் சேர்ப்பதென்றால் எழுதிவைக்க எத்தனை குமாஸ்தாக்கள் வேண்டும்! கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜான் சிமன்ஸை 1923இல் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு எழுதும் முறையையே அவர் செதுக்கிச் செதுக்கிச் சுருக்கினார். 1947இல் இரண்டு அதிகாரிகள் அமெரிக்காவுக்குப் போய் அங்கே புதிதாக வந்திருந்த கணிப்பொறிகளைப் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜிலேயே ஒன்று தயாராகிறது என்ற தகவல் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. லயன்ஸ் அந்த ஆராய்ச்சிக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. பிறகு தானே ஒன்றைக் கட்டியது. அதுதான் லியோ. சுமார் 6,000 வால்வுகள். 1951 நவம்பரில் அது ரொட்டி ஆலையின் கணக்கைப் போட்டபோது, வழக்கமான வியாபார அலுவலக வேலையைச் செய்த உலகின் முதல் கணிப்பொறி ஆனது. ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிட குமாஸ்தாவுக்கு எட்டு நிமிடம். லியோவுக்கு ஒன்றரை விநாடி. பின்னர் கடை நடத்தும் பெண்கள் மறுநாள் வேண்டிய பன், கேக் கணக்கைத் தொலைபேசியில் சொல்ல, துளையட்டையில் ஏறி லியோவுக்குள் போகும். அலுவலகக் கணக்கெழுதக் கணிப்பொறியை முதலில் வேலைக்கு வைத்துக்கொண்டது ஒரு வங்கி அல்ல, ஒரு டீக்கடை என்பதை நம்மூர் டீக்கடை பெஞ்சில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் வாதம் இதுதான்: டீக்கடையை வாழவைத்ததும் கொன்றதும் இதே ஃபார்த்திங் கணக்கு. போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, மேசைக்கு மேசை பரிமாறுவதை விட்டுவிட்டு, தட்டெடுத்து வரிசையில் நிற்கும் சுயசேவையைக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்தும் கணக்கு அதற்கே சாதகமாக இருந்தது. நிப்பிகள் டீக்கடைகளிலிருந்து மறைந்தார்கள். மங்கிய சுவர்களுக்குப் புதுச் சாயம் பூசப் பொருள் கிடைக்காத நாட்கள் அவை. லவ்ரி, பாடென், ஜான் நாஷ் போன்ற ஓவியர்களிடம் படம் கேட்டு, லித்தோகிராஃப் அச்சிட்டு மாட்டினார்கள். 1947 முதல் 1955 வரை மூன்று தொகுதிகள். நலிந்த காலத்திலும் அப்படி ஒரு ரசனை. 1954இல் கவென்ட்ரி ஸ்ட்ரீட் கார்னர் ஹவுஸுக்குள்ளேயே விம்பி என்ற அமெரிக்கப் பெயரில் ஹாம்பர்கர் விற்றுப் பார்த்தார்கள். அமோக விற்பனை. சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துபோகிறவனிடம் கிடைக்கும் காசு, ஒரு பானை டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மழைக்கு ஒதுங்குகிறவளிடம் கிடைக்காது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கார்னர் ஹவுஸ்கள் 1977க்குள் மூடின. 1978இல் ஒரு மதுபானக் கம்பெனி லயன்ஸையே விழுங்கியது. மதுவில்லாத கடைக்கு அப்படியொரு முடிவு. கடைசிச் சில டீக்கடைகள் கதவடைத்த காலத்தில் நாட்டை ஆண்டவர் மார்கரெட் தாட்சர். இளம்வயதில் லயன்ஸின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராகச் சம்பளம் வாங்கியவர் அவர்.

சரி, இன்றைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? தெருவோரங்களில் பச்சை வண்ண மரக்குடில்கள் தென்படும். 1875இலிருந்து குதிரைவண்டிக்காரர்களுக்காகக் கட்டிய 61இல் 13 மிஞ்சியிருக்கின்றன. சன்னலில் யாரும் டீ வாங்கலாம், ஆனால் உள்ளே உட்காரும் உரிமை டாக்சி ஓட்டுநர்களுக்கு மட்டும். டிரஃபால்கர் சதுக்கத்துப் புனித மார்ட்டின் தேவாலயத்தின் நிலவறையில் ஓர் உணவகம் உண்டு. தரையில் பழைய கல்லறைக் கற்கள், கூச்சமில்லையென்றால் நல்ல இடம். என்னைக் கேட்டால் சௌத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். உலகிலேயே முதன்முதலில் உணவகம் வைத்த அருங்காட்சியகம் அது. வில்லியம் மோரிஸின் நிறுவனம் அலங்கரித்த பச்சை அறையில், நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லாமல், ஸ்கோனும் டீயும் வைத்துக்கொண்டு உட்காரலாம். தட்டை நீங்களேதான் தூக்கிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், நாற்காலி கிடைக்காது.