வெந்நீரூற்றின் குமிழிகளில் எரிமலையின் அறிகுறி: ஹீலியம் சொல்லும் கதை

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலையுதிர் கால வண்ணங்களைப் பார்ப்பதற்காக நூற்றுக்கணக்கானோர் மத்திய ஜப்பானின் ஒண்டாகே மலையில் ஏறியிருந்தனர். நண்பகலுக்குச் சற்று முன்னர் அந்த எரிமலை வெடித்தது. 58 பேர் உயிரிழந்தனர். மேலும் 5 பேர் இன்னும் காணாமல் போனோர் பட்டியலிலேயே உள்ளனர். வெடிக்கும் வரை அம்மலைக்கு நடைமுறையில் இருந்த எச்சரிக்கை மட்டம் 1. அதாவது, மிகக் குறைந்த மட்டம்.

மலையின் அடியில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது என்பதற்கான ஒரு தடயம், அருகிலிருந்த வெந்நீரூற்றின் குமிழிகளில் இருந்தது. அந்தத் தடயம் ஹீலியம் வாயு.

இரண்டு வகை ஹீலியம்

ஹீலியத்துக்கு நிலையான சமதானிகள் (ஐசோடோப்புகள்) இரண்டு உண்டு. ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோதே அதன் ஆழத்தில் சிறைப்பட்டது. ஹீலியம்-4 பாறைகளில் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவடைவதால் இன்றும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஹீலியம் வேறு பொருட்களுடன் தாக்கம் புரிவதில்லை. எனவே எங்கிருந்து புறப்பட்டதோ அந்த இடத்தின் அடையாளத்தைச் சுமந்தபடியே மேலே வருகிறது.

இரண்டுக்கும் இடையிலான விகிதமே அந்த அடையாளம். காற்றில் 10 இலட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்குச் சுமார் 1.4 ஹீலியம்-3 அணுக்கள் உள்ளன. பழைய கண்டப் பாறைகளில் இந்த விகிதம் காற்றில் உள்ளதன் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. கடலடி மலைத்தொடர்களில் மேலெழும் எரிமலைக் குழம்பில் அது சுமார் 8 மடங்கு. ஹவாய், ஐஸ்லாந்து ஆகிய தீவுகளின் சில பாறைகளில் 30 மடங்கையும் தாண்டுகிறது. அங்குள்ள குழம்பின் ஒரு பகுதி மிக ஆழத்திலிருந்து வருகிறது என்று புவியியலாளர்கள் கருதுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஜப்பானின் வரைபடம்

பசிபிக் தட்டும் பிலிப்பைன்ஸ் கடல் தட்டும் ஜப்பானுக்கு அடியில் அமிழ்கின்றன. 1985இல் யுஜி சானோ, ஹிரோஷி வக்கிதா ஆகியோர் நாடு முழுவதிலுமிருந்து திரட்டிய வாயு மாதிரிகளின் முடிவுகளை வெளியிட்டனர். எரிமலைகள் வரிசையாக நிற்கும் பகுதியிலும் அதற்குப் பின்னாலும் விகிதம் உயர்ந்திருந்தது. கடல் அகழியை நோக்கிய பக்கத்தில் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் அமிழும் குளிர்ந்த தட்டு குழம்பு உருவாக இடம் கொடுப்பதில்லை. ஆனால் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லாத கின்கி பகுதியின் சில ஊற்றுகளிலும் ஆழத்து ஹீலியம் இருந்தது. குழம்பும் திரவங்களும் எங்கே நகர்கின்றன என்பதை மலையின் தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதை இது காட்டியது.

மாதிரி எடுக்கும் முறை

ஊற்றில் குமிழி எழும் இடத்தில் புனலைக் கவிழ்த்து வாயுவைப் பிடிக்கிறார்கள். சாதாரண கண்ணாடியின் ஊடாக ஹீலியம் மெல்லக் கசியும் என்பதால், செப்புக் குழாய்களிலோ விசேட கண்ணாடிக் குடுவைகளிலோ அதை அடைக்கிறார்கள். நியோனின் அளவைக் கொண்டு, கலந்துவிட்ட காற்றின் பங்கைக் கழிக்கிறார்கள். திணிவு நிறமாலைமானி விகிதத்தைக் கணக்கிடுகிறது.

ஒண்டாகே தந்த பாடம்

மலையுச்சிக்கு 4.2 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிகொரிகோ ஊற்றில் 2003 முதல் இந்த விகிதம் தொடர்ந்து உயர்ந்து வந்ததாக சானோ குழுவினரின் ஆய்வு 2015இல் தெரிவித்தது. ஆழத்துக் குழம்பிலிருந்து வாயு வெளியேறுவது அதிகரித்திருந்தது என்பது அவர்களது விளக்கம். ஆனால் அந்த ஆய்வு வெளியானது மரணங்களுக்குப் பின்னரே.

பத்தாண்டு கால உயர்வு, வெடிக்கும் நாளைச் சொல்லாது. ஒண்டாகேயில் நடந்தது நீராவி அழுத்தத்தால் ஏற்பட்ட வெடிப்பு. இவ்வகை வெடிப்புகளை முன்கூட்டி அறிவது மிகக் கடினம். ஆகவே நில அதிர்வுமானிகளுக்கோ நில வீக்கத்தை அளக்கும் கருவிகளுக்கோ ஹீலியம் மாற்றாகாது. எந்த மலையைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பதை அது முன்னதாகவே காட்டக்கூடும். அதற்கு ஒரே ஊற்றில், மலை அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும், விடாமல் அளந்துவர வேண்டும்.