கொத்தும் இறாத்தலும்

கனடாவில் வாழும் அன்பர் ஒருவர், “ஒரு கோப்பை மென்பாற்கட்டி எத்தனை கிராம்?” என்று கேட்டெழுதியிருந்தார். அமுக்கி நிரப்பியதா, தளர்வாக இட்டதா என்பதைப் பொறுத்தது என்று பதில் எழுதினேன். எழுதும்போதே பதுளைத் தோட்டங்களின் அரிசிக் கொத்து நினைவுக்கு வந்தது.

இலங்கை வழக்கில் 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ 2 இறாத்தல், அதாவது 900 கிராம் நிறுக்கும். அதே கொத்தில் நெல்லை அளந்தால் 650 கிராமே தேறும். உமி இடத்தை அடைக்கும்; எடையைத் தராது.

1894இல் பண்டாரவளை வரை வந்த ரயில் 1924இல்தான் பதுளையை எட்டியது. அதுவரை மாட்டுவண்டிகளும் ஊவாவின் உட்பகுதிக்கு அரிசி சுமந்தன. தோட்ட நிர்வாகம் அந்த அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. தொழிலாளி பறித்த கொழுந்தையோ தராசில் நிறுத்து இறாத்தலில் பதிந்தது. உழைப்பு எடையில் போயிற்று. உணவு முகத்தலில் வந்தது.

இந்த வேறுபாடு சிறிதன்று. குலுக்கி நிரப்பினால் அரிசி கூடும். தளர்வாகக் கொட்டித் தலைதட்டினால் குறையும். கொத்துக்கு ஒரு பிடி குறைந்தால் புசலுக்கு 32 பிடி போய்விடும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அரிசி விலையையும் கருத்திற் கொண்டது. விலையைச் சட்டத்தால் கட்டலாம். கொத்தை நிரப்பும் கையைக் கட்டுவது அரிது.

ஆகவே அன்பருக்கு மீண்டும் ஒரு வரி எழுதினேன்: இயன்றவரை நிறுத்தே சமையுங்கள். அளந்தே ஆகவேண்டுமெனில், எப்படி நிரப்பியது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். தோட்டத்து அடுப்படியில் அந்தக் கேள்வியின் விடை பிள்ளைகளின் வயிற்றில் தெரிந்தது.