தஞ்சையில் அடிபட்ட திருகு

குறிபார்த்துச் சுடும் துப்பாக்கியின் முதுகில் ஒரு சிறு தொலைநோக்கி அமர்ந்திருப்பதைப் படங்களில் கண்டிருப்போம். அக்குழலின் நடுவில், மேற்புறத்தில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு குமிழ்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அவை ஏன் அங்கே நிற்கின்றன? வேட்டைக்காரரும் படைவீரரும் கவலைப்பட வேண்டிய கேள்வி இது. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் நினைக்கலாம். ஆனால் விடையைத் தேடிப் புறப்பட்டால், வழியில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தருகே நாம் நிற்கவேண்டி வருகிறது.

முதலில் திருகு என்னும் பொருளைச் சற்று நோக்குவோம். திருகுதல் என்ற வினை நம் மொழியில் பழையது. காதணியைப் பின்புறம் பிடித்து நிறுத்தும் திருகாணியை அறியாத தமிழ்ப் பெண் இல்லை. அத்திருகாணியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், அது ஒரு மரையின் இடைவெளி அளவே முன்னேறும். கையின் பெரிய அசைவு பொருளின் மிகச் சிறிய அசைவாக மாறுகிறது. நுட்பமான கருவிகள் பலவும் இந்த ஒரு தத்துவத்தை நம்பியே வாழ்கின்றன.

தொலைநோக்கிக்குள் இதை முதலில் புகுத்தியவர் வில்லியம் காஸ்கோயின் என்னும் ஆங்கிலேய இளைஞர். ஏறத்தாழ 1640ஆம் ஆண்டளவில், குழலுக்குள் பிம்பம் விழும் இடத்திலேயே மெல்லிய கம்பியை வைத்தால் பொருளும் கம்பியும் ஒருங்கே தெளிவாகத் தெரியும் என்பதை அவர் கண்டார். திருகினால் நகரும் நுண்ணளவியையும் அமைத்தார். வானத்துக் கோள்களை அளக்கவே அவர் அதைச் செய்தார். 1644இல் மார்ஸ்டன் மூர் என்ற போர்க்களத்தில் அவர் மாண்டார். குறுக்குக் கம்பியைத் தந்தவர் போரிலே மடிந்தது வரலாற்றின் கசப்பான வேடிக்கைகளுள் ஒன்று.

நில அளவையர் கையாளும் தியோடலைட் என்னும் கோணமானி இந்தத் தொலைநோக்கியின் நேர் வாரிசு. அதில் இருவகைத் திருகுகள் உண்டு. குறுக்குக் கம்பியைத் தாங்கும் வளையத்தை மேலும் கீழும் இடமும் வலமும் பிடித்திருக்கும் சிறு திருகுகள் ஒருவகை. இவற்றை ஊசி போன்ற கம்பியால் திருத்தி விட்டுப் பின்னர்த் தொடாமல் விட்டுவிடுவார்கள். மற்றவை எப்போதும் கைபட வேண்டியவை. கருவியைக் குறிக்கு நேரே திருப்பியபின் பூட்டுத் திருகு வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனோடு இணைந்த நுண்ணசைவுத் திருகு குறுக்குக் கம்பியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக் குறியின்மேல் நிறுத்தும். பின்னதை விரல்கள் தேடாமலே தொட வேண்டும். ஆகையால் அதை வட்டத்தின் விளிம்பில், வெளிப்புறத்தில் நீட்டி வைத்தார்கள். கைக்கு எட்டும்படி வெளியே நீட்டிய பொருள் அடிக்கும் எட்டும்; தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படை நடத்தவும் வரி விதிக்கவும் நல்ல வரைபடம் வேண்டியிருந்தது. வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரிக்கோ பூமியின் வடிவத்தையே அளந்துவிட வேண்டும் என்ற வேட்கை. அவருக்காக லண்டனில் கேரி என்பவர் செய்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டம். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோயினர். பின்பு, அறிவியல் கருவி என்பதை உணர்ந்து, மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தனர். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து லாம்டன் தம் பணியைத் தொடங்கினார்.

காவிரிச் சமவெளியில் மலை இல்லை. தென்னந்தோப்புகளோ பார்வையை மறைக்கும். எனவே கோயில் கோபுரங்களே குன்றுகள் ஆயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அந்தப் பெருங்கருவியைக் கயிறுகட்டி ஏற்றினார்கள். இடையிலே கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. பெட்டிக்குள் இருந்தும் அடி உள்ளே பாய்ந்தது. பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதி வைத்த குறிப்பு நமக்கு முக்கியமானது. அடியைத் தாங்கியது நுண்ணசைவுத் திருகு, அல்லது அதன் பூட்டு, என்கிறார் அவர். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறு உறுப்பு தான் வாங்கிய அடியை அப்படியே வட்டத்துக்குக் கடத்தியது. அழகிய வட்டம் வளைந்து கோணியது.

36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது ஓர் அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய வட்டம் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தால் அளவையாளரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! நம் பள்ளியில் ஒரு மாணவனின் பாகைமானி வளைந்தால் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவிடுகிறோம். லாம்டனுக்கு அடுத்த கடை லண்டனில் இருந்தது.

அவர் கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். ஒரு கூடாரத்துக்குள் தலைமைக் கைவினைஞரைத் தவிர வேறு எவரையும் விடாமல், அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெரிய தட்டைப் பலகையில் சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் கோணிய வளையத்தைச் சிறுகச் சிறுக இழுத்து அதற்குள் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்திகளால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் வட்டம் ஏறக்குறைய பழைய உருவை அடைந்தது. திருகினால் வந்த கேட்டைத் திருகே தீர்த்தது எனலாம். லாம்டனின் பெயரை எல்லா நூல்களிலும் காண்கிறோம். விமானத்தில் கயிறு பிடித்தவர்களும், கூடாரத்தில் மரச்சுத்தி பிடித்தவர்களும் யார் என்பதை நூல்களில் காணவில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஒருவர் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொசின் உசேன் சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். கைத்திறன் கண்டு அவரை அளவைத் துறை கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது. எவரெஸ்டின் கருவிகளைப் பழுது பார்த்தும் புதுக்கியும் வந்த அவர், 1843இல் துறையின் கணிதக் கருவி வல்லுநராக அமர்த்தப்பட்டார். அப்பதவியில் முன்னர் இருந்தவர் லண்டனிலிருந்து வந்த பாரோ என்ற ஆங்கிலேயர். திருகாணிக்குப் பழகிய கைக்குத் தியோடலைட்டின் திருகு அந்நியமாக இருந்திராது.

இந்தக் கதை கடல் கடந்த நமக்கும் சொந்தமானதே. குமரி முனைப்பக்கத்திலிருந்து வடக்கே நீண்ட அந்த அளவைத் தொடரைக் கொண்டு எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குத் தந்தார். தஞ்சையில் அடிபட்டுத் திருச்சியில் நிமிர்ந்த வட்டம் காட்டிய கோணங்கள் அத்தொடரில் உண்டு. மலாயாவில் 1948இல் திருத்தி அமைத்த முக்கோண அளவை, சிறிது மாற்றத்தோடு எவரெஸ்டின் அதே கணக்கை அடிப்படையாகக் கொண்டது. 2003இல் செயற்கைக்கோள் வழிப்பட்ட புதிய முறை வரும்வரை இந்நாட்டு நிலப்படங்கள் அதன்மேல் நின்றன. எங்கள் செமினி வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் எழும்பிய நிலங்கள் பல. எல்லைக்கல் ஒரு முழம் தள்ளிப்போனால் யாருக்கு இழப்பு என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். அளவையர் தொட அஞ்சும் குறுக்குக் கம்பித் திருகுகளைத்தான் துப்பாக்கித் தொலைநோக்கி வெளியே கொண்டுவந்து குமிழாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மால்கம் போன்றோர் செய்த நீண்ட குழல்களில் திருத்தம் குழலுக்குள் இல்லை. குழலைத் தாங்கும் பிடியிலேயே இருந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் தூரத்துக்குரிய குமிழைக் குழலின்மேல் வைத்தனர். பக்கத் திருத்தத்தைப் பிடியில் விட்டுவைத்தனர். இரண்டும் குழலுக்குள் புகுந்தது பிற்பட்ட வளர்ச்சி.

தூரம் கூடக்கூடக் குண்டு தாழ்கிறது. அதைச் சரிசெய்யும் குமிழ் மேலே நிற்பது இயல்பு. கீழே வைக்கவோ இடமில்லை, அங்கே துப்பாக்கியின் உடல் இருக்கிறது. ஆகவே அளவையரின் நான்கு திருகுகளுள் இரண்டு போய், எதிர்ப்புறத்தில் வில் ஒன்று அழுத்தி நிற்கும். காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குரிய குமிழ் இடத்திலா, வலத்திலா என்பதில்தான் வழக்கு. பிரிட்டிஷாரின் 32ஆம் எண் தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக எண்ணப்பட்டது. பின்னர் நான்காம் எண் துப்பாக்கியில் ஏறியது. அதன் பக்கக் குமிழ் இடப்புறம். இரண்டாம் உலகப்போரில் ரஷ்யரின் பி.யு. தொலைநோக்கியிலும் அது இடமே. அத்துப்பாக்கிகளில் தாழ்ப்பாளை வலக்கையால் இழுக்க வேண்டும், வெற்றுத் தோட்டா வலப்புறம் தெறிக்கும் என்பதை எண்ணினால் இடப்பக்கம் ஒதுக்கமான இடமே. 1963இல் ரஷ்யர் ஏற்ற துப்பாக்கியில் அது வலப்புறம் மாறியது. இன்று பெரும்பாலும் வலமே வழக்கம். இடப்புறத்தில் பிம்பத்தைச் சீராக்கும் மூன்றாவது குமிழ் வந்து குடியேறிவிட்டது. வலக்கை விசையில் இருக்க, இடக்கை அதைத் திருப்பலாம். இடக்கையரைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வகுப்பறை மேசைகளைச் செய்தவர்களும் கவலைப்பட்டதில்லை.

குமிழின் ஒவ்வொரு சொடுக்கும் கலையின் ஒரு பங்கைக் குறிக்கும். ஒரு கலை, நூறு கெச தூரத்தில் ஓரங்குலத்துக்குச் சற்றே மிகுதி. அளவையரின் பாகையும் கலையும்தான் இங்கும் கணக்கு.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் இத்தகைய நெடுந்தூரத் தொலைநோக்கிக்கு வாய்ப்புக் குறைவு. இலைச்செறிவுக்கு அப்பால் பார்வை செல்லாது. அங்கே பலர் தூக்கியது ஐந்தாம் எண் குட்டைத் துப்பாக்கி. அதன்மேல் ஒரு பழி இருந்தது: இன்று திருத்திய குறி நாளை விலகிவிடும் என்று. அதை ஒட்டியே 1947இல் அதன் உற்பத்தி நின்றது. தாங்கும் உடல் உறுதியாக இல்லாவிட்டால் திருகை எங்கே வைத்தும் பயனில்லை.

குமிழ் நீட்டிக்கொண்டிருப்பதால் வரும் கேடு இன்னும் தொலையவில்லை. புதரிலும் வண்டியிலும் உரசினால் குறி மாறிவிடும். வேட்டைத் தொலைநோக்கியில் மூடி போட்டுக் குமிழை மறைக்கிறார்கள். படைக்குரியவற்றில் மூடி கழற்ற நேரமில்லை. ஆகவே இழுத்தால் திரும்பி, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் குமிழ்கள் வந்துள்ளன. தியோடலைட்டின் பூட்டுத் திருகும் நுண்ணசைவுத் திருகும் ஒரே குமிழுக்குள் கூடிவிட்டன போலும். 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது, லாம்டன் மரச்சுத்தியால் வட்டத்தை நிமிர்த்திய அதே திருச்சிராப்பள்ளியில்தான்.