நாவலப்பிட்டிப் பிள்ளையும் 'புதிய காற்று'ம்

நோட்டன் பிரிட்ஜில எங்க பாட்டிமாருக்கு எம்.ஜி.ஆர். இன்னும் 'நம்ம ஊர்ப் பிள்ளை'தான். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர், சிறுவயதிலேயே தமிழ்நாட்டில் நாடகக் கம்பனியில் சேர்ந்தார். 1936இல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகனாக 1947 வரை, 'ராஜகுமாரி' வரை, காத்திருக்க வேண்டி வந்தது. பிறகு என்ன, படகோட்டி, விவசாயி, ரிக்‌ஷாக்காரன் எல்லாம் அவரே!

ஆனா எங்க லயத்துக் கதையை நடிக்க இன்னொருத்தர் வேண்டியிருந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன், 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, தானே நடித்தார். இயக்கம் எஸ். இராமநாதன். தோட்டங்கள் 1973–74 பஞ்சத்தில் பட்டினி கிடந்து எழும்பிய நேரம் அது. ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால சொந்தங்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அந்த நேரத்தில மலையகத் தொழிலாளியின் பிரச்சினையைத் திரையில் வைத்தது சின்ன விஷயமில்ல. அடுத்து 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981). தலைப்புகளில எம்.ஜி.ஆர். வாசம் அடிக்குதுதான், ஒத்துக்கொள்கிறோம்.

இன்று 'மனோ கணேசனோட அப்பா' என்றால்தான் எங்க வகுப்பில பலருக்குப் புரியுது. 'புதிய காற்று'வைத் தியேட்டரில் பார்த்த தாத்தா, பாட்டி உங்க வீட்டில இருந்தா, இந்த லீவிலயே கேட்டு எழுதி அனுப்புங்க.