நடுவிலைத் துப்பாக்கியின் கழித்தல் கணக்கு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் மலிவான ரைஃபிள். நாலைந்து வேட்டைப் பருவம் போனதும் இதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கும். கைவினைஞர் செய்து கொடுக்கும் விலை கட்டுப்படியாகாது, கடையின் கடைசி வரிசையில் கிடப்பதையே திரும்ப வாங்கவும் மனம் வராது. இந்த இடைப்பட்ட விலையை நம்பித்தான் அந்நாட்டுத் துப்பாக்கி ஆலைகளில் பல முக்கால் நூற்றாண்டாகப் பிழைப்பு நடத்துகின்றன. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குக் குறி கூடுதல் துல்லியமாக விழும் என்பது வாங்குகிறவரின் நம்பிக்கை. ஆலைகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு 1948 வரைதான் முழு ஆதாரம் கிடைக்கிறது. அதற்குப் பின் துல்லியம் மலிவாகிக்கொண்டே வந்தது. நடுவிலை என்பது ஆலை எதையெல்லாம் இன்னும் கழிக்காமல் விட்டுவைத்திருக்கிறது என்பதற்கான விலையாக மாறியது.

அதற்கும் முந்திய காலத்தில் தரம் உயர்த்திக்கொள்ளும் வழக்கமே பரவலாக இல்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாடல் லீவர் துப்பாக்கி, மறு ஆண்டு வந்த .30-30 தோட்டாவோடு சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக்கே போதுமானதாக இருந்தது. 70 லட்சத்துக்கும் மேல் விற்ற மாடல் அது. (அதே பிரௌனிங்கின் 1895 மாடலை, .405 தோட்டாவில், சேலம் தருமபுரிக் காடுகளுக்குத் தூக்கி வந்தவர் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன். இங்கிலாந்தின் இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் அதுவும் நடுவிலைச் சரக்குதான்.) அடர்ந்த காட்டில் அறுபது எழுபது கஜத்தில் நிற்கும் மானுக்கு 1894 மாடலின் இரும்புக் குறிமுனையே தாராளம். மேலும், 1900 வாக்கில் வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கையே நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சமாகச் சரிந்துவிட்டது. மான் அருகிப்போன நாட்டில் இரண்டாவது துப்பாக்கிக்கு ஆசைப்பட எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. மான்கள் பெருகின, வேட்டைக்காரர்களும் பெருகினர். துப்பாக்கிச் சந்தை வளர்ந்ததற்கு ஆலைகளின் சாமர்த்தியத்தைவிட இந்த வரிக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

துப்பாக்கியின் வடிவத்தை மாற்றியவை தொலைநோக்கியும் உலகப் போரும். பில் வீவர் 1930இல் சாமானியரும் வாங்கக்கூடிய தொலைநோக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1894 மாடலில் அதை நடுவாகப் பொருத்த முடியாது. சுட்ட தோட்டாவின் வெற்று உறை நேர் மேலாகத் தெறிப்பதால் கண்ணாடிக் குழாயின் அடியில் மோதும். ஜெர்மானியர் பால் மவுசரின், கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து இயக்கும் போல்ட் துப்பாக்கியில் உறை பக்கவாட்டில் விழும். முதல் உலகப் போரில் அந்தப் பாணித் துப்பாக்கியைச் சுமந்து பழகிய இளைஞர்கள் ஊர் திரும்பி, ராணுவம் கழித்துப்போட்ட ஸ்பிரிங்ஃபீல்டையும் என்ஃபீல்டையும் சொற்ப விலைக்கு வாங்கி, கட்டையைச் செதுக்கி வேட்டைக்கு எடுத்துப் போனார்கள். இவர்களுக்குக் கொஞ்சம் மேலான சரக்கைக் கொடுக்கவே வின்செஸ்டர் 1925இல் 54ஆம் மாடலையும் .270 தோட்டாவையும் கொண்டுவந்தது. அந்த மாடலின் போல்ட் கைப்பிடி தூக்கும்போது உயர எழும்பித் தொலைநோக்கியில் இடித்தது. 1936இல் வந்த 70ஆம் மாடலில் கைப்பிடி தாழ வளைந்தது, பாதுகாப்புப் பூட்டு படுக்கைவசமாகத் திரும்பியது, விசை புதிதாக அமைந்தது. அதன் உடற்பகுதி அடித்து வடித்த எஃகுத் துண்டிலிருந்து ஒவ்வொரு பரப்பாக இயந்திரத்தில் சீவி எடுக்கப்பட்டது. குழலின் உட்புரிகளை ஒற்றை வெட்டுமுனை திரும்பத் திரும்ப இழுத்துப் போட்டது. அன்று நடுவிலை கொடுத்தவர் வாங்கியது இந்த இயந்திர நேரத்தைத்தான், துல்லியமும் அதிலிருந்தே வந்தது. வால்நட் மரக்கட்டைக்கு யாரும் தனியாகக் காசு கொடுத்ததாக நினைக்கவில்லை. மலிவுத் துப்பாக்கியிலும் ஏதோ ஒரு மரம் இருக்கத்தான் செய்தது.

இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது 1948இல் வந்த ரெமிங்டனின் 721, 722 மாடல்கள். வடிவமைப்பில் முன்னின்ற மைக் வாக்கர், மேசைமேல் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் ஊறியவர். எதைக் கழித்தால் குறி கெடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உடற்பகுதியை உருண்டை எஃகிலிருந்து லேத்தில் கடைந்தார்கள். பின்னுதையைத் தாங்கும் முட்டு, மவுசரில் உடம்போடு ஒட்டிப் பிறப்பது. இங்கே அது குழலுக்கும் உடலுக்கும் நடுவில் செருகும் தனித் தகடு. போல்ட் கைப்பிடியைப் பற்றவைத்தார்கள். விசைக்கூண்டு வெறும் அச்சடித்த தகடு. வெற்று உறையை வெளியே இழுக்க, போல்ட்டின் பக்கத்தில் நீண்டு ஓடும் மவுசரின் வில்லெஃகுக் கொக்கிக்குப் பதில் போல்ட் முகத்துக்குள் விரல் நகமளவு வளைதகடு ஒன்று உட்கார்ந்தது. எல்லாமே சிக்கனம்தான். ஆனால் லேத்தில் கடைந்த உருண்டை உடம்பு குழலின் அச்சோடு நேராக நிற்கும். கொக்கியைச் சிறிதாக்கியதால் தோட்டாவின் அடிப்பகுதியை எஃகு வளையம் முழுதாகச் சூழ்ந்தது. செலவைக் குறைத்த இடங்களிலேயே துல்லியமும் வலுவும் கூடின. 1962இல் இதே உள்ளமைப்புக்கு அழகான வெளித்தோற்றம் கொடுத்து 700ஆம் மாடல் என்று விற்றார்கள். 1966இல் அமெரிக்க மரைன் படை தன் குறிசுடுநருக்குத் தேர்ந்த எம்40 இந்த 700தான். அவை கனமான குழலோடு தனிக் கவனத்தில் கூட்டப்பட்டவையாயிற்றே என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான், ஆனால் அந்தக் கவனத்துக்கு அடித்தளமாக நின்றது மலிவாகச் செய்த அதே உடற்பகுதி.

மற்றவர்களும் இதே திசையில் நடந்தார்கள். 1958இல் சேவேஜ் ஆலை தன் 110ஆம் மாடலில் குழலை ஒரு பெரிய மரையால் இறுக்கியது. வழக்கமான துப்பாக்கியில் தோட்டா அறையின் ஆழத்தை மயிரிழை பிசகாமல் சரிசெய்யத் தேர்ந்த கைகாரர் தேவை. இங்கே அளவுக்கட்டையை உள்ளே வைத்து, குழல் அதில் முட்டும்வரை திருகி, மரையைப் பூட்டினால் வேலை முடிந்தது. பார்வைக்கு அழகில்லாத அந்த மரையைத் துப்பாக்கி வாங்கியவர்கள் பல ஆண்டுகள் கிண்டல் செய்தார்கள். குழலை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள உதவுகிறது என்று இன்று அதற்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 1968இல் ரூகர் கொண்டுவந்த எம்77 இன்னும் சுவாரசியமானது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்களே, அதே தத்துவத்தில்தான் ரூகர் துப்பாக்கியின் எஃகு உடம்பை வார்த்தது. மண்ணுக்குப் பதில் பீங்கான் குழம்பு, அவ்வளவே. சீவும் வேலை பெருமளவு மிச்சம். மிச்சமான செலவில் ஒரு பங்கு கட்டைக்குப் போயிற்று. லெனார்ட் பிரௌனெல் வரைந்த மரபான வடிவம், பிடிக்குமிடத்தில் உண்மையாகவே வெட்டிய கட்டக்கோடுகள். வெளியே மவுசர் பாணியில் நீண்ட கொக்கியும் தெரிந்தது. ஆனால் முதல் எம்77இல் அந்தக் கொக்கி மவுசரில் செய்வதுபோல் பெட்டியிலிருந்து எழும்போதே தோட்டாவைப் பற்றாது, அந்த வேலையைப் பின்னால் வந்த மார்க் II மாடல்தான் கற்றுக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழித்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பழையதை வைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டது வின்செஸ்டர். கூலி ஏறியது, பழைய இயந்திரங்கள் தேய்ந்தன, 70ஆம் மாடலைப் பழைய முறையில் செய்து கட்டுப்படியாகவில்லை. 1964இல் அதை அடியோடு மாற்றினார்கள். மவுசர் கொக்கி போயிற்று. கையால் வெட்டிய கட்டக்கோடுகளுக்குப் பதில் சூடான அச்சால் மரத்தில் அழுத்திய கோடுகள் வந்தன. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே அசிங்கமாக ஓர் இடைவெளி. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். 1936 முதல் 1963 வரை செய்த ஏறத்தாழ 5,80,000 துப்பாக்கிகளுக்கு ‘64க்கு முந்தியது’ என்ற தனிப்பெயரும் தனி விலையும் ஏற்பட்டன. பழையது மேலாக இல்லாவிட்டால் அறுபது ஆண்டுகளாக அதற்கு ஏன் கூடுதல் விலை என்ற கேள்வியை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்தில் அது மேல்தான். தோட்டாவை எழும்போதே பற்றிக்கொள்ளும் கொக்கி, பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுப்பவரையும் காப்பாற்றும். கரடிக்கு முன்னால் நிற்பவருக்கு அது பெரிய விஷயம், மானுக்காகக் காத்திருப்பவருக்கு அவ்வளவு இல்லை. ஆனால் குறியில் புதியது தோற்கவில்லை. புதிய குழல்கள் சுத்தியலடியில் உருவானவை, உள்ளே செருகிய தண்டின்மேல் எஃகை நாலாபுறமும் அடித்துப் புரிகளை ஒரே மூச்சில் எழுப்பும் முறை அது. பல துப்பாக்கிகள் பழையவற்றைவிட நெருக்கமாகவே சுட்டன. அப்படியும் சந்தை மன்னிக்கவில்லை. ரெமிங்டன் கழித்தவற்றில் பெரும்பகுதி உள்ளே மறைந்திருந்தது, வின்செஸ்டர் கழித்தது வாங்குபவரின் உள்ளங்கையில் உறுத்தியது. இந்த வேறுபாடுதான் இரு நிறுவனங்களின் பின்கதையையும் பெருமளவு தீர்மானித்தது என்பது என் கணிப்பு. 1990களில் வின்செஸ்டர் பழைய கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் ரெமிங்டன் 700 வேட்டைக்காரர்களின் வழக்கமான தேர்வாக வேரூன்றிவிட்டது.

இடையில் அரசும் ஒரு காரியம் செய்தது. 1963இல் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்கானோ, தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்குத் தபாலில் விற்கப்பட்ட பழைய ராணுவச் சரக்கு. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் அத்தகைய தபால் விற்பனையையும் ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. இருபது டாலர் துப்பாக்கி வரத்து நின்றதும், மலிவு என்ற இடத்தையும் ஆலைகளே தங்கள் புதுச்சரக்கால் நிரப்பவேண்டியதாயிற்று. கழித்தல் கணக்கு வேகமெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அடுத்த பெரிய பாடம் ஃபின்லாந்திலிருந்து வந்தது. ரீஹிமாக்கியிலுள்ள சாக்கோ ஆலை 2003இல் டிக்கா டி3 என்ற துப்பாக்கியை இறக்கியது. குட்டைத் தோட்டாவுக்கும் நீளத் தோட்டாவுக்கும் ஒரே நீள உடற்பகுதி. கட்டை, தோட்டாப்பெட்டி, போல்ட்டின் பின்மூடி எல்லாம் பிளாஸ்டிக். பின்னுதை முட்டு அலுமினியம். குழல் மட்டும் அதே ஆலை விலையுயர்ந்த சாக்கோவுக்குச் செய்யும் சுத்தியலடிக் குழல், போல்ட்டும் எண்ணெய் விட்டதுபோல் வழுக்கும். அமெரிக்க நடுவிலைக்காரர்கள் மொய்த்தார்கள், முனகவும் செய்தார்கள். 2016இல் வந்த டி3எக்ஸில் முட்டு எஃகாயிற்று, பின்மூடி உலோகமாயிற்று. வின்செஸ்டருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு எடுத்த திருத்தம் இங்கே பதின்மூன்றில் முடிந்தது. அந்த டி3எக்ஸின் வழிவந்த சி19 துப்பாக்கிதான் ஆர்க்டிக் பகுதியைக் காக்கும் கனடிய ரேஞ்சர்களிடம் இருந்த பழைய லீ-என்ஃபீல்டின் இடத்தைப் பிடித்தது. பிளாஸ்டிக்கைச் சந்தேகப்பட்டவர்களுக்கு இதைவிட வலுவான பதிலைத் தேடுவது கடினம்.

அப்படியானால் நடுவிலையே ஏமாற்றுதானா? மலிவு ரைஃபிளே 100 கஜத்தில் ஓரங்குலத்துக்குள் மூன்று தோட்டாவை அடக்கும் காலத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. மானின் இதய-நுரையீரல் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம் அகலம். ஓரங்குலத்துக்கும் இரண்டு அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் மானுக்குத் தெரியப்போவதில்லை. துல்லியத்துக்காகவே மேலே போகிறேன் என்பவரிடம், அந்தப் பணத்தை நல்ல தொலைநோக்கியில் போடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மேசையில் மணல்மூட்டைமேல் வைத்துச் சுடும் மூன்று தோட்டா ஒன்று, விறைத்த விரலோடு மரத்தில் சாய்ந்து சுடும் ஒரு தோட்டா வேறு. தோள்வாரை இறுக்கியதும் வளைந்து குழலைத் தொட்டுவிடும் மலிவான பிளாஸ்டிக் கட்டை, இரண்டாவது தோட்டாவுக்கு இழுக்கும்போது கோணி மாட்டிக்கொள்ளும் போல்ட், கரகரவென்று இழுபடும் விசை, இவை எதையும் அட்டைக் குறியில் விழுந்த துளைகள் காட்டாது. நடுவிலை இங்கேதான் தன் காசைச் சம்பாதிக்கிறது. இந்த எல்லையும் நிலையாக நிற்பதில்லை. சேவேஜ் 2000களின் தொடக்கத்தில், வாங்குபவரே இலகுவாக்கிக்கொள்ளக்கூடிய விசையைத் தன் சாதாரண மாடல்களில் பொருத்தியது. மற்ற ஆலைகளும் பின்தொடர்ந்தன. 2012 வாக்கில் கடைகளுக்கு வந்த ரூகர் அமெரிக்கனில், மலிவு வரிசையிலேயே அத்தகைய விசை இருந்தது. விசைக்காக மட்டும் நடுவிலை கொடுத்தவருக்கு அதன்பின் அந்தக் காரணம் இல்லாமல் போயிற்று. இன்று மிச்சமிருப்பது கட்டையின் விறைப்பும் போல்ட்டின் ஓட்டமும். பளபளப்பான வால்நட் கட்டை, 1936இல் கேட்காமலே கிடைத்தது, இப்போது விலைப்பட்டியலில் தனி வரியாக நிற்கிறது.